பருப்புப் பொடியோடு டோக்கியோ

மென்பொருள் வேலையாக ஜப்பான் போகும் ஆன்சைட்காரரைச் சென்னை விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். பெட்டியைத் தரையில் திறந்து போட்டுக்கொண்டு, ஒரு பொட்டலத்தை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருப்பவர் அவர்தான். பெட்டிக்கு 23 கிலோ என்பது விமானக் கம்பெனியின் கணக்கு. அம்மாவின் கணக்கு வேறு. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், வடாம், மாவடு எல்லாம் ஏறிய பிறகு துணிமணிக்கு ஒரு மூலைதான் மிஞ்சும். "சட்டை அங்க வாங்கிக்கலாம்டா, மாவடு வாங்க முடியுமா?" என்ற கேள்விக்கு எந்த புராஜெக்ட் மேனேஜரிடமும் பதில் கிடையாது. பச்சைக் கறிவேப்பிலைக்கு மட்டும் அனுமதி இல்லை. சான்றிதழ் இல்லாத செடி கொடியை ஜப்பான் உள்ளே விடாது. அதனால் அதுவும் பொடியாகிப் பெட்டிக்குள் போகிறது.

தங்குமிடம் அநேகமாக டோக்கியோவின் எதோகாவா வட்டாரத்தில் உள்ள நிஷி-கசாய். 2000 பிறக்கும்போது கணினிகளெல்லாம் தேதி குழம்பிப் படுத்துவிடும் என்று உலகம் பயந்த காலத்தில், அதைச் சரிசெய்ய வந்த இந்திய இளைஞர்கள் குடியேறிய பேட்டை அது. ரயில் மாறாமல் ஓதேமாச்சி அலுவலகங்களுக்குப் போய்விடலாம். அவர்கள் சாப்பாட்டுக்கு அல்லாடியதைப் பார்த்து, அங்கே முன்பே குடியிருந்த தேயிலை வணிகர் ஜக்மோகன் சந்திரானி அவர்களுக்கென்று ஒரு சாப்பாட்டுக்கூடமே தொடங்கினார். இன்று அந்தப் பக்கத்து இந்திய மளிகைக் கடைகளில் துவரம்பருப்பும் பெருங்காயமும் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்தச் செய்தியை ஊரில் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது ஆன்சைட்காரர்களுக்குள் எழுதப்படாத உடன்பாடு. சொன்னால் மாவடு நின்றுவிடும்.

சைவ ஆன்சைட்காரரின் முதல் தோல்வி நூடுல்ஸ் கடையில் நடக்கிறது. "கறி வேண்டாம்" என்கிறார், மீன் வருகிறது. "மீனும் வேண்டாம்" என்று கையைக் காலை ஆட்டி விளக்கியபின், கொதிக்கிற சாற்றில் மிதக்கும் வெறும் உடோன் வருகிறது. உறிஞ்சிக் குடித்துவிட்டு, நம்ம ரசம் தோற்றது என்று வீட்டுக்குப் படம் அனுப்புகிறார். மறுநாள் அலுவலக நண்பர் நல்லெண்ணத்தோடு அந்தச் சாற்றின் ரகசியத்தை விளக்குகிறார். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டை போல ஆகும்வரை உலர்த்தி, சீவியெடுத்த கட்சுவோபுஷியும் கடற்பாசியும் சேர்ந்த ‘தாஷி’ அது. ஜப்பானியச் சமையலில் பாதி அதன்மேல்தான் நிற்கிறது. அதே சூரையை அவித்து உலர்த்தித்தான் மாசிக் கருவாடு செய்கிறார்கள். ஆகவே தூத்துக்குடியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போன அசைவர், "அட, நம்ம மாசி!" என்று இன்னொரு கிண்ணம் கேட்பார். சைவருக்கு அன்றிலிருந்து தண்ணீரின் மீதே சந்தேகம் வந்துவிடுகிறது.

புத்த மடங்களின் ‘ஷோஜின் ரியோரி’ சமையலில் மீன் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது என்று யாராவது சொல்வார்கள். மடிசார் மாமிகளே மெச்சும் ஆசாரம்தான். ஆனால் ஆற அமர உட்கார்ந்து சாப்பிட வேண்டிய அந்த விருந்து, அலுவலகத்தின் ஒரு மணி நேர மதிய இடைவேளைக்குள் அடங்காது.

பிறகு நத்தோ. நொதிக்கவைத்த சோயா மொச்சை. கிளறக் கிளற நூல் விடும். வாசனை முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜப்பானியர்களுக்கு இது காலைச் சத்துணவு. வெளிநாட்டவர் யாரைப் பார்த்தாலும் "நத்தோ சாப்பிடுவீர்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆன்சைட்காரர் மானத்துக்குப் பயந்து ஒரு வாய் போடுகிறார். வாய்க்கும் கிண்ணத்துக்கும் இடையே பாலம் விழுகிறது. அதை அறுக்க அவர் கையைச் சுழற்றும் காட்சி அந்த அலுவலகத்தில் வெகுநாள் பேசப்படும்.

இத்தனை சந்தேகக்காரர், இயந்திரம் பரிமாறினால் மட்டும் சரணடைந்துவிடுகிறார். ஸ்கைலார்க் குழுமம் தன் ‘கஸ்தோ’ முதலான உணவகங்களில் பூனை முகம் கொண்ட பரிமாறும் ரோபோக்களை 2022 முடிவதற்குள் சுமார் 3,000 இறக்கிவிட்டது. செய்தது ஷென்சென் நகரத்துச் சீனக் கம்பெனி. தட்டுகளைச் சுமந்து தானே மேசை தேடி வரும். காதைத் தடவினால் கண்ணைச் சிமிட்டும். உடனே வீட்டுக்கு வீடியோ அழைப்பு. "அம்மா, பூனை சாப்பாடு கொண்டுவருது பாரு!" என்கிறார் இவர். "பூனை வாய் வச்சதையாடா சாப்பிடற?" என்கிறார் அம்மா.

வீட்டுக்குள் வந்தாலும் இதே கதை. அரிசிக் குக்கர், ஸோஜிருஷி என்றால், வேலை தொடங்கும்போது ‘டுவிங்கிள் டுவிங்கிள்’ பாடுகிறது. குளியல் தொட்டி நிரம்பியதும் ஒரு பெண் குரல் பணிவாக அறிவிக்கிறது. இவர் அடுக்களையிலிருந்து "சரிங்க" என்கிறார். தண்ணீர் பீச்சும் கழிப்பறை இருக்கையை டோட்டோ 1980-இல் விற்கத் தொடங்கியது. அந்த விஷயத்தில் மட்டும் நாங்கள் சீனியர் என்று அவருக்குள் ஒரு மிதப்பு.

ஆனால் அவர் உயிரை விடுவது தரை துடைக்கும் வட்டமான ரோபோவுக்குத்தான். ‘எந்திரன்’ பார்த்த தலைமுறை. பெயர் ‘சிட்டி’ என்பதில் விவாதமே இல்லை. படியில் உருண்டு விழாமலிருக்க அதன் அடிவயிற்றில் அகச்சிவப்புக் கண்கள் உண்டு. தரையிலிருந்து ஒளி திரும்பி வராவிட்டால் பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்கும். கறுப்பு விரிப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் சில சமயம் அதையும் பாதாளம் என்று நம்பிவிடுகிறது. "சிட்டி பயப்படுறான்" என்று சொல்லி, தரையில் விரித்திருந்த கறுப்புக் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருப்பார் நம்மவர். ஞாயிற்றுக்கிழமை காலை வேட்டி நுனியைச் சிட்டி கவ்விச் சுருட்டியபோதுதான் நட்பில் சிறிய விரிசல் விழுந்தது.

ஆயுத பூஜையில் அது சரியாகிவிட்டது. சந்தனம், குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் பொரிகடலை பரப்பி, சூடம் வேண்டாம் என்று புகை எச்சரிக்கை மணிக்குப் பயந்து விட்டுவிட்டு, பொத்தானை அழுத்தினார். பழம் நசுங்கவில்லை. பொரி முழுவதையும் சிட்டி சாப்பிட்டுவிட்டது.

பொட்டு வைத்த ரோபோவைப் பார்க்க நேர்ந்த ஜப்பானிய நண்பர் சிரிக்கப்போகிறார் என்று இவர் கூச, அவரோ தலை வணங்குகிறார். அவர்கள் ஊரில் பிப்ரவரி 8 அன்று உடைந்த தையல் ஊசிகளைக் கோயிலுக்கு எடுத்துப்போய், காலமெல்லாம் கடினத் துணியைக் குத்தி அலுத்ததே என்று மெத்தென்ற தோஃபுவில் செருகி நன்றி சொல்கிறார்கள். சோனி 1999-இல் விற்கத் தொடங்கிய ‘ஐபோ’ நாய் ரோபோவுக்கு 2014-இல் பழுதுபார்ப்பு நின்றுபோனது. மறு ஆண்டிலிருந்து சிபா மாநிலத்து இசுமியில் உள்ள கோஃபுகுஜி கோயிலில் இறந்த ஐபோக்களுக்குப் பிக்கு மந்திரம் ஓதி வழியனுப்பினார். இதைக் கேட்டதும் ஆன்சைட்காரருக்கு ஜப்பான் சொந்த ஊராகிவிட்டது. நத்தோவால் போன மரியாதையும் திரும்பியது.

அதே நண்பர் வீட்டில் ‘லவோட்’ இருந்தது. குரூவ் எக்ஸ் கம்பெனி 2018-இல் அறிமுகம் செய்த உருண்டை ரோபோ. கண் சிமிட்டும், உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும், தூக்கிக்கொள்ளச் சொல்லிக் கை தூக்கும். விலை லட்சக்கணக்கான யென்.

"என்ன வேலை செய்யும்?"

"ஒரு வேலையும் செய்யாது. நாம்தான் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்."

"எங்க ஊர்ல இதை மாப்பிள்ளைம்போம்" என்றார் இவர்.

கோயம்புத்தூர் மிக்ஸி கதையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மூன்று ஜாரோடு கடல் கடந்து வந்த அந்த மிக்ஸிக்கு 230 வோல்ட் வேண்டும். ஜப்பான் வீட்டுச் சுவரில் வருவதோ 100 வோல்ட். பிளக்குக்கு அடாப்டர் மாட்டிப் பொத்தானைத் திருகினால், பிளேடு ஏதோ யோசனையில் சுற்றுகிறது. தேங்காய் தேங்காயாகவே இருக்கிறது. பெரிய வங்கியின் மென்பொருளைத் தூக்கி நிறுத்துகிறவர், சட்னிக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அங்கேதான் விமோசனமும் வந்தது. சாம்பாரோடு ஒத்துழைக்க மறுத்த ஒட்டரிசி, தயிர்சாதத்துக்கென்றே விளைந்தது என்று ஒரு ராத்திரி தெரிந்தது. தயிர், பல்கேரியா என்ற பெயரில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. தொட்டுக்கொள்ள, உப்பில் ஊறிய, புளிப்பான உமெபோஷிப் பழம். மாவடு தீர்ந்துபோன வாரத்தில் அதைக் கடித்தவர், ஜப்பானிய நாகரிகத்தின் உச்சம் ரோபோ அல்ல, இதுதான் என்றார். அவர் சொன்னவற்றில் மறுக்க முடியாத ஒரே வாக்கியம் இது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சென்னை வீட்டுக்கு ஒரு சிட்டி வாங்குகிறார். அது சுமார் இரண்டு சென்டிமீட்டர் மேடுதான் ஏறும். வீட்டு நிலைப்படிகள் அதற்கு மேல். வேலைக்கு வரும் அக்கா அதைக் கையில் எடுத்து அறைக்கு அறை இறக்கிவிடுகிறார். "மிஷின் அழுக்காயிடும்மா, நான் ஒரு தடவை கூட்டிட்டு விடறேன்" என்று முன்னதாகப் பெருக்கியும் விடுகிறார்.

ஆன்சைட்காரர் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தால், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். ரோபோவைப் பற்றிக் கேட்டுவிட்டால் பாயசம் ஆறிவிடும்.