கையெழுத்துக்குக் கை உண்டு

சென்ற மார்கழியில் எங்கள் தெரு சரோஜா அக்காவின் கிடேரி தலைச்சன் ஈற்றுக்கு நின்றது. பனிக்குடம் உடைந்து மூன்று மணி நேரம். கன்றின் தலை உள்ளே மடங்கிக் கிடந்தது. மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். பூட்டு. டாக்டருக்கு இன்னும் இரண்டு ஊர் கூடுதல் பொறுப்பு. போனில் பிடித்தபோது ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குத் தகுதிச் சான்று எழுதிக்கொண்டிருந்தார். உதவியாளரை அனுப்புங்கள் என்றோம். "அந்தப் போஸ்ட்டே காலிங்க" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மனிதனுக்கு இரண்டு கைதான். மூன்று மருந்தகங்களைக் கொடுத்தது அரசு. இரண்டு மணி நேரத்தில் வந்தார், சட்டையைக் கழற்றினார், தோள் வரைக்கும் கையை விட்டார். கன்று செத்தே வெளியே வந்தது.

அதே வாரம் பேப்பரில் ஒரு படம். கால்நடை மருத்துவப் பயிற்சியை விரிவுபடுத்த நம் பல்கலைக்கழகமும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் புரிந்துணர்வு ஒப்பந்தம். எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர். கோட்டு ஒன்பது, பட்டுச்சேலை இரண்டு, பூங்கொத்து நான்கு. மாடு இல்லை.

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தது. "இத்தனை டாக்டருங்க ஒரே எடத்துல நிக்கிறாங்களே தம்பி, ஒருத்தர இங்க அனுப்பியிருக்கக் கூடாதா?"

புரிந்துணர்வு என்றால் என்ன என்று அக்காவுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். இருவர் சந்திப்பார்கள். இன்னின்னது செய்யலாம் என்று எழுதுவார்கள். செய்யாவிட்டால் யாரும் யாரையும் கேட்க முடியாது என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பிறகு சாப்பாடு. ஒப்பந்தம் காலாவதியாகும்போது புதுப்பிக்க இன்னொரு சந்திப்பு, இன்னொரு சாப்பாடு. நம் ஊரில் நிச்சயதார்த்தத்தோடு நின்றுபோன கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் முகம் தொங்கிப் போவார்கள். இங்கே அதற்கு ஆண்டறிக்கையில் தனிப் பக்கம்.

கால்நடை மருத்துவம் சொல்லித்தர நமக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1903-இல் ஒரு சின்னக் கட்டடத்தில் இருபது மாணவர்களோடு தொடங்கியது சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. இந்தியாவின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகமும் நம்முடையதுதான், 1989. இரண்டாவது கல்லூரிக்கு நாமக்கல் 1985 வரை காத்திருந்தது. எண்பத்திரண்டு ஆண்டுகள். 2012-இல் ஒரத்தநாடும் நெல்லையும் வந்தன.

அப்புறம் 2020. ஒரே ஆண்டில் மூன்று. சேலம் மாவட்டத் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை. அப்போது முதல்வர் சேலம்காரர். துணை முதல்வர் தேனிக்காரர். கால்நடைத் துறை அமைச்சரின் தொகுதி உடுமலைப்பேட்டை. மாடுகள் இந்த மூன்று ஊரில்தான் அதிகம் நோய்வாய்ப்பட்டன என்று நம்புவோம். அடுத்த ஆண்டு தேர்தல். மாட்டுக்குச் சினைப் பருவம் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை. கல்லூரிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை.

தலைவாசலில் கல்லூரி மட்டும் என்றால் பரவாயில்லை. கூடவே ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒரு கால்நடைப் பூங்கா, ஆராய்ச்சி நிலையம். ஆசியாவிலேயே பெரியது என்றார்கள். (நாம் எதைக் கட்டினாலும் ஆசியாவிலேயே பெரியதுதான். பாவம் ஆசியா.) இதற்கு முன்மாதிரி தேட, 2019-இல் வெளிநாட்டுப் பயணம் போன முதல்வர் எடப்பாடி பழனிசாமி அமெரிக்காவில் ஒரு மாட்டுப் பண்ணையைப் பார்வையிட்டார். பண்ணை இருந்த ஊரின் பெயர் பஃபலோ. நான் சேர்த்ததில்லை, வரைபடத்தில் பாருங்கள். அதே 2019-இல் வந்தது கால்நடைக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டு எருமைகள் ஏழு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து ஐந்து லட்சத்துச் சொச்சமாகியிருந்தன. எருமையைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதாகிவிட்டது.

பூங்காவுக்கு 2020 பிப்ரவரியில் அடிக்கல். 2021 பிப்ரவரியில் திறப்பு. அதே பிப்ரவரியில் தேர்தல் தேதியும் வந்துவிட்டது. மே மாதம் ஆட்சி மாறியது. நாங்கள் கட்டியதை முடக்கிவிட்டார்கள் என்றார்கள் போனவர்கள். வேலை எங்கே முடிந்தது என்றார்கள் வந்தவர்கள். இருவரும் ஆண்டுக்கணக்கில் இதையே சொல்லிச் சண்டை போட்டார்கள். ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் பேச்சில் வரவில்லை.

பல்கலைக்கழகங்களின் கூட்டு என்பதே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. உருப்படியான கூட்டும் உலகில் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். சொந்தமாகக் கால்நடை மருத்துவக் கல்லூரி கிடையாது. கட்டவும் இல்லை. பக்கத்து அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு 2007 முதல் கூட்டு. முதல் இரண்டு ஆண்டு லிங்கன் நகரில் படிப்பு, அடுத்த இரண்டு ஆண்டு அயோவாவின் ஏம்ஸில். ஆண்டுக்கு இருபத்தைந்து பேர் அளவில். யார் சொல்லித்தர வேண்டும், யார் காசு கட்ட வேண்டும், எத்தனை இடம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அங்கும் பட்டம் வாங்கியவர் கிராமத்துக்குப் போகத் தயங்குகிறார். நகரத்து நாயிடம் காசு இருக்கிறது. அதனால் ஆள் இல்லாத ஊருக்குப் போகிறவரின் படிப்புக் கடனில் ஒரு பகுதியை அந்நாட்டு அரசே அடைக்கிறது. இதைப் பார்த்துவர நம்மவர்கள் போகலாம். போனாலும் திரும்பும்போது கொண்டுவருவது பூங்கொத்தாகத்தான் இருக்கும்.

நம் மாணவனுக்கு என்ன பயிற்சி வேண்டும்? ஐந்தரை ஆண்டுப் படிப்பு. கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. இப்போது வெளிநாட்டில் ரப்பரில் பசு செய்கிறார்கள். கையை விட்டுச் சினை பார்த்துப் பழகலாம். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ரப்பர் பசு உதைக்காது. சாணி போடாது. அதன் பக்கத்தில் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்று அழ மாட்டாள். இதெல்லாம் இருக்கிற பசு, சென்னைக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கும் வேப்பேரிக்கு எப்போதாவது வரும். அங்கே வரிசையில் நிற்பதில் பாதிக்கு மேல் நாய்தான். பசு எங்கள் ஊரில் நிற்கிறது. கோமாரியோடு, மடிவீக்கத்தோடு, விழாத நஞ்சுக்கொடியோடு, பூட்டிய மாட்டாஸ்பத்திரி வாசலில்.

ஒரு பக்கம் பயிற்சிக்கு மாடு தேடும் மாணவன். இன்னொரு பக்கம் டாக்டரைத் தேடும் மாடு. இந்த இருவரையும் ஓரிடத்தில் சேர்க்கத் தேவை ஒரு பஸ் பாஸ். பல்கலைக்கழகமும் கால்நடைத் துறையும் ஒரே அரசின் கீழ், ஒரே சென்னையில் இருக்கின்றன. பல்கலைக்கழகம் மாதவரத்தில். துறைக்கு அங்கிருந்து பேருந்து உண்டு. கண்டம் தாண்டிக் கைகுலுக்குகிறவர்கள் கூவத்தைத் தாண்டக் கூடாதா? அதில் விமான டிக்கெட் இல்லை. அதுதான் சிக்கல்.

கணக்கும் கையில் இருக்கிறது. ஐயாயிரம் மாட்டு அலகுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-இல் சொன்னது. நெருக்கடி நிலைக் காலம். அன்று பிறந்த பிள்ளை இன்று பாதி நரைத்துவிட்டான். அந்தக் கணக்கை ஒவ்வொரு குழுவும் தூசி தட்டி எடுத்துப் படிக்கிறது, கவலை தெரிவிக்கிறது, திரும்ப வைக்கிறது.

அக்காவின் பசு அப்புறம் ஒழுங்காகப் பால் கறக்கவில்லை. கன்று இல்லாத மாடு மடியை இறுக்கிக்கொள்ளும். கூட்டுறவுச் சங்கத்தில் கடன். பங்குனியில் கேரளா லாரி வந்தது. ஏற்றிவிட்டுக் கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டது அக்கா. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பேப்பர் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நினைவுப் பரிசு கைமாறுகிற நேரத்தில் எடுத்தது. வெள்ளி முலாம் பூசிய காமதேனு. மடியில் கன்று முட்டிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டாருக்கு ஒன்று, நம் ஆட்களுக்கு ஒன்று. நம்முடையது வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறதாம். தினமும் காலையில் துடைத்து வைக்க ஆள் போட்டிருக்கிறார்கள். அந்தப் போஸ்ட் காலி இல்லை.