சின்ன நடை

நார்வேக்காரர் ஒருவரிடம் "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், அதற்குச் சரியான விடை ஒன்றுதான்: மலை ஏறினேன். தூங்கினேன், டிவி பார்த்தேன், பீரோவை ஒழித்துவைத்தேன் என்று வேறு எதைச் சொன்னாலும் "உடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். பயிர் நிலமும் வீட்டு முற்றமும் தவிர, நிலம் யாருடையதாக இருந்தாலும் காட்டிலும் மலையிலும் எவரும் நடக்கலாம் என்று 1957-இல் சட்டமே கொண்டுவந்த நாடு அது. நடக்காமல் உட்கார்ந்திருக்கும் உரிமைக்கு அந்தச் சட்டத்தில் ஏதாவது ஷரத்து உண்டா என்று என் அக்கா மகனிடம் கேட்டேன். "ஏன் மாமா?" என்றான். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. அங்கே போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது, பாவம்.

அவன் இருக்கும் ஊர் ட்ரோம்சோ. ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வடக்கே சுமார் 350 கிலோமீட்டர். நகரத்தின் நடுப்பகுதி ஒரு தீவில் இருக்கிறது. சுற்றிலும் கடல், கடலைச் சுற்றிலும் மலை. ஜனத்தொகை எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பல்கலைக்கழகம், தாவரவியல் பூங்கா என்று எதைக் காட்டினாலும் 'உலகின் வடகோடி' என்ற பட்டத்தை முன்னால் சேர்த்துத்தான் காட்டுகிறார்கள். அந்த வடகோடிப் பல்கலைக்கழகத்தில்தான் பையன் மீன்களை ஆராய்கிறான். மார்க்கெட்டில் நல்ல மீன் எது, நாள்பட்ட மீன் எது என்று பார்த்து வாங்க மட்டும் அவனுக்குத் தெரியாது என்பது என் மனைவியின் கண்டுபிடிப்பு.

நானும் மனைவியும் அங்கே போனது ஜூலை முதல் வாரம். ராச்சாப்பாடு முடிந்த கையோடு சொன்னான்: "மாமா, சும்மா ஒரு சின்ன நடை போயிட்டு வரலாமா?"

விஞ்ஞானி சொல்வதாயிற்றே, அளவு சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் செருப்பைத் தேடினேன். அவன் ஷூவை எடுத்துக் கொடுத்தான். சந்தேகம் அங்கே தொடங்கியது. மேலும் விசாரித்ததில், 'சின்ன' என்பது ஸ்டோர்ஸ்டெய்னன் என்ற மலை விளிம்பு. கடல் மட்டத்திலிருந்து 421 மீட்டர். போகிற வழியில் 1,200-க்கும் அதிகமான கல்படிகள் என்று தெரியவந்தது.

கேட்க வேண்டிய கேள்வியை என் மனைவிதான் கேட்டாள். "மேலே போக வேற வழி இல்லையாப்பா?"

"ரோப் கார் இருக்கு அத்தை. நாலு நிமிஷம்."

"அப்ப நான் அதுல வர்றேன். நீங்க ரெண்டு பேரும் நடந்து வாங்க."

நானும் ரோப் காரிலேயே வருகிறேன் என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு விநாடி இடைவெளி இருந்தது. அறுபது வயது ஆணுக்கு, அதுவும் 'காலேஜ் நாளில் நான் ஹாக்கி டீமில் இருந்தேன்' என்று அக்கா மகனிடம் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவனுக்கு, அந்த விநாடி போதாது.

எனவே, எல்லோரும் மரியாதையாக ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு காரணத்தைத் தேடினேன். "இப்பவே மணி ஒன்பதாச்சே, ஏறி இறங்கறதுக்குள்ள இருட்டிடுமே?" என்றேன். தலைமுறை தலைமுறையாக நம் குடும்பங்களில் எத்தனையோ தேவையற்ற பயணங்களைத் தடுத்து நிறுத்திய வாக்கியம் இது. பையன் ஜன்னலைக் காட்டினான். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ட்ரோம்சோவில் மே 20 வாக்கில் மேலே வரும் சூரியன், ஜூலை 22 வாக்கில்தான் மறுபடி அடிவானத்துக்குக் கீழே போகும். "இருட்ட இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கு மாமா, நிதானமாவே ஏறலாம்" என்றான்.

குளிரைப் பிடித்தேன். கோடை என்று பெயரே தவிர, அங்கே ஜூலை மாதச் சராசரியே 12 டிகிரிதான். அதற்கும் பதில் வைத்திருந்தான். 'மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, மோசமான உடைதான் உண்டு' என்று நார்வேயில் ஒரு வழக்கு இருக்கிறதாம். அவர்கள் மொழியில் எதுகையோடு வரும். இதை முதலில் சொன்னவர் ஜவுளிக்கடை முதலாளியாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், அதன் மேல் காற்றுக்கு ஒரு அங்கி, எல்லாவற்றுக்கும் மேல் நான் சென்னையிலிருந்து கொண்டுபோன மங்கி குல்லா. வாசலில் இறங்கினால், எதிர்வீட்டுக்காரர் அரை டிராயரும் பனியனுமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஏதாவது எச்சரிக்கை வந்திருக்கிறதோ என்று யோசித்திருப்பார்.

மலை இருப்பது தீவில் அல்ல, எதிர்க்கரையில். இடையில் 1960-இல் கட்டிய பாலம் ஒன்று, 1,036 மீட்டர். அடியில் கப்பல் போக வேண்டும் என்பதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அதன் உச்சியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. காட்சி அருமையாக இருக்கிறது, இங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாமே என்றேன். பையன் இதை ஹாஸ்யம் என்று எடுத்துக்கொண்டான்.

பாலம் இறங்கும் இடத்தில் வெள்ளை முக்கோணங்களை வரிசையாக அடுக்கிவைத்த தோற்றத்தில் 1965-இல் கட்டிய தேவாலயம். ஆர்க்டிக் கதீட்ரல் என்று உலகமே படம் எடுக்கிறது. சட்டப்படி அது கதீட்ரலே அல்ல, சாதாரணப் பங்குக் கோயில். உண்மையான கதீட்ரல் ஊருக்குள் மரத்தால் கட்டப்பட்டு, 1861-லிருந்து, யாரும் படம் எடுக்காமல் நிற்கிறது. உத்தியோகம் ஒருவருக்கு, பேர் இன்னொருவருக்கு என்பது வடதுருவம் வரைக்கும் ஒரே கதைதான்.

அப்புறம் படிகள்.

இந்தப் படிகளை நார்வேக்காரர்கள் கட்டவில்லை. நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் கட்டினார்கள். அதனால் ஷெர்பா படிக்கட்டு என்றே பெயர். ஜனங்கள் ஓயாமல் ஏறி ஏறி மலைப்பாதைகள் அரித்துப்போனதால், நார்வே முழுக்கப் பல மலைகளில் ஷெர்பாக்களை அழைத்துவந்து கல்படி போட்டிருக்கிறார்கள். பல இடங்களில் பாறைகளை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்குவார்களாம். கல்லுக்கு ஹெலிகாப்டர், எனக்குக் கால். எவரெஸ்ட்டைத் தூக்கத்தில் ஏறுகிறவர்கள் போட்ட படி என்பதால், ஒவ்வொன்றின் உயரமும் அவர்கள் முழங்காலை உத்தேசித்தே இருக்கிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் அளவில் சம்பந்தம் இல்லை. ஒன்றில் கால் வைத்தால் போதும், அடுத்ததில் காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டும்.

ஏறுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் வயிற்றெரிச்சல். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓர் அப்பா, பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடி ஏறும் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயதாவது மூத்த இரண்டு பாட்டிகள். பாட்டிகள் இருவரும் இடைவிடாமல் பேசிக்கொண்டே ஏறினார்கள். ஏறும்போது பேச முடியும் என்பதே எனக்குச் செய்தி. நாய்கள் வேறு. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாயைக் கயிற்றில்தான் பிடித்துப்போக வேண்டும் என்று அங்கே சட்டம்; குஞ்சு பொரிக்கும் பறவைகளையும் மேயும் கால்நடைகளையும் காப்பாற்றுவதற்காக. ஒரு பெரிய நாய் தன் எஜமானியைக் கயிற்றோடு இழுத்து மேலே கொண்டுபோனது. நாய் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காதாம்.

இதைவிடப் பெரிய சோதனை முகமன். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வரும் ஜனங்கள் இவர்கள். லிஃப்டில் ஏறினால் சுவரைப் பார்ப்பார்கள். ஆனால் மலையில் கால் வைத்துவிட்டால் எதிரே வரும் ஒவ்வொருவரும் சிரித்த முகத்தோடு "ஹெய்!" என்கிறார்கள். பதிலுக்கு நாமும் "ஹெய்" சொல்ல வேண்டும். ஒரே ஓர் அசை. முதல் நூறு படி வரை தாராளமாகச் சொன்னேன். பிறகு "ஹெ" வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் காற்று மட்டும்தான். கடைசியில் கைகூப்பிக் கும்பிட ஆரம்பித்தேன். ஒரு பாட்டி நெகிழ்ந்துபோய்த் திரும்பக் கும்பிட்டாள். பாரதப் பண்பாடு என்று நினைத்திருப்பாள். அது ஆக்ஸிஜன் சிக்கனம்.

பாதி வழியில் பையன் உட்காரச் சொல்லி ஒரு சாக்லேட் கொடுத்தான். க்விக் லுன்ஷ் என்று பெயர். 1937-லிருந்து விற்கிறார்கள், மலையேறும் நார்வேக்காரர் பையில் தண்ணீர் இல்லாவிட்டாலும் இது இருக்கும். உறையைப் பிரித்தால் உட்புறத்தில் மலை நடைக்கான ஒன்பது விதிகள் அச்சடித்திருக்கின்றன. 1967-இல் ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குப் போன பதினெட்டுப் பேர் இறந்துபோனதற்குப் பிறகு, இந்த விதிகளை நாடு முழுக்க மும்முரமாகப் பரப்பினார்களாம். பையன் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொன்னான். திட்டமிடு, போகுமிடத்தைச் சொல்லிவிட்டுப் போ, வானிலையைப் பார் என்று எல்லாம் புத்திமதி. எட்டாவது விதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: காலத்தில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை.

"இதோ! கவர்ன்மென்டே சொல்லுது, திரும்பலாம்" என்றேன்.

"அது பனிப்புயலுக்கு மாமா."

"பனிப்புயல்னு போட்டிருக்கா? எனக்கு உள்ளுக்குள்ள அடிக்குதுடா."

அவன் உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அரசியல் சாசனத்தைக் காட்டி வாதாடும்போது புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வது நியாயமே அல்ல.

மேலே போய்ச் சேர்ந்தபோது என் மனைவி காபி குடித்து முடித்து, பக்கத்து மேஜைக்கார அம்மாளோடு சிநேகமாகி, அவள் பேரன் பேத்தி படங்களையும் பார்த்து முடித்திருந்தாள். இருவருக்கும் பொதுமொழி எதுவும் இல்லை. "சீல் கிடைச்சுதுங்க எனக்கு" என்றாள். இந்த ரோப் காரை 1961-இல் தொடங்கியது வடதுருவக் கடலில் தொழில் செய்த ஒரு கப்பல் கம்பெனி. அதனால் இரண்டு பெட்டிகளுக்கும் சீல் என்றும் பனிக்கரடி என்றும் பெயர். அவள் முன்னால் வாஃபிளும் பழுப்புச் சீஸும் இருந்தன. பாலாடைக்கட்டி போக மிஞ்சிய நீரைச் சர்க்கரை சிவக்கும் வரை மணிக்கணக்கில் காய்ச்சி எடுப்பது இந்தச் சீஸ். "இனிப்பா, உப்பா, முதல்ல இது ஒரு முடிவுக்கு வரட்டும், அப்புறம் சாப்பிடலாம்" என்று என் பக்கம் தள்ளினாள். எனக்குப் பிடித்திருந்தது. விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்த பிறகு கொஞ்சம் குறைவாகப் பிடித்தது.

காட்சியைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. கீழே தீவு, நாங்கள் தாண்டிய பாலம், பொய்க் கதீட்ரல், துறைமுகம், அதற்கப்பால் உருகாத பனியோடு மலைகள். வடக்கே, கடலுக்குச் சற்று மேலே சூரியன். நம் கைக்கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போதுகூட அதற்கு நள்ளிரவு ஆகவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குத்தான் மிகவும் தாழ்கிறது, தாழ்ந்துவிட்டு அப்படியே திரும்ப ஏறுகிறது. இந்தக் கரையிலிருந்துதான் 1928 ஜூன் 18 அன்று துருவப் பயணி அமுண்ட்சென் விமானத்தில் கிளம்பினார். துருவப் பனியில் சிக்கிய இத்தாலியர் நோபிலேயைத் தேடி. இத்தனைக்கும் இருவருக்கும் பேச்சுவார்த்தையே முறிந்திருந்தது. சண்டை போட்டவனைத் தேடிப் போன மனிதர் திரும்பவே இல்லை. அந்தத் திசையைப் பார்க்கையில் என் முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

ஆனாலும் ஒன்று குறைந்தது. பழனியில் 693 படி ஏறினால் மேலே முருகன் இருக்கிறான். இங்கே இவ்வளவு ஏறி வந்தால் மேலே ஒரு ஹோட்டல். பழனியிலும் ரோப் கார் உண்டு. அதில் வருகிறவனுக்குத் திருநீறு கொஞ்சம் குறைத்துத் தருவதில்லை. இதைச் சொன்னபோது பையன் தென்கிழக்கே கையைக் காட்டினான். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் தனியாக நின்றது ஒரு பெரிய சிகரம். ட்ரோம்ஸ்டால்ஸ்டிண்டன், 1,238 மீட்டர். இந்த மண்ணின் ஆதிகுடிகளான சாமி மக்கள் அதை சாலஷோய்வி என்கிறார்கள். அவர்களுக்கு அது புனித மலை. குளிர்கால ஒலிம்பிக்கை ட்ரோம்சோவுக்குக் கொண்டுவர முயன்றபோது, அதன் சரிவில் பனிச்சறுக்குப் பந்தயம் நடத்தத் திட்டம் போட்டார்கள். சாமி மக்கள் எதிர்த்தார்கள். ஒலிம்பிக் வரவில்லை. என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சரி மாமா, இப்ப உச்சிக்குப் போலாமா?"

நாங்கள் நின்ற இடம் உச்சியே இல்லையாம். உச்சிக்கு ஃப்ளோயா என்று பெயர், 671 மீட்டர். இதுவரை வந்தது சுற்றுலாக்காரர்களுக்காம்; நடை இனிமேல்தான் ஆரம்பமாம். பாட்டிகள் இருவரும் அந்தப் பாதையில் ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டிருந்தார்கள். நான் காலத்தில் திரும்பிவிட்டேன். எட்டாவது விதி. பையன் மட்டும் ஓடிப்போய் ஏறிவிட்டு வந்தான்.

இறங்கும்போது எனக்குப் பனிக்கரடி கிடைத்தது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கெடுதல் என்று என் டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மாதிரி அவர் பேச்சை நான் எப்போதும் மதித்ததில்லை. கீழே காத்திருந்த அக்கா மகன் அடுத்த அழைப்பையும் விடுத்துவிட்டான். நவம்பர் 27 வாக்கிலிருந்து ஜனவரி 15 வாக்கு வரை அங்கே சூரியன் எழும்புவதே இல்லை. அப்போதும் இவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்களாம். "ஜனவரியில வாங்க மாமா, வேற மாதிரி இருக்கும்." என் மனைவி உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

நானும் மறுக்கவில்லை. கவுன்டரில் விசாரித்தேன்: ரோப் கார் குளிர்காலத்திலும் ஓடுகிறது.