மலையக முகப்படங்களில் பச்சை நீக்கம்: ஒரு முன்னாய்வு

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் மண்ணை ஆராய்ந்தது, கொப்புள நோயை ஆராய்ந்தது, கொழுந்தை ஆராய்ந்தது. அந்தக் கொழுந்தின் முன்னால் நின்று படமெடுத்த பையன், பேஸ்புக்கில் போடுமுன் அதை ஏன் வெட்டி எறிகிறான் என்பதை மட்டும் ஆராயவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்க முயல்கிறது.

ஆய்வுக்களம் ஹட்டன் டவுன் ஸ்டூடியோக்கள். "அண்ணே, பின்னால லயம் தெரியுது, எடுத்துருங்க" என்பதே இத்துறையின் மூல வாக்கியம். தகரக் கூரை, கொடியில் காயும் படங்கு, அதற்குப் பின்னே மலை மலையாய்த் தேயிலை எல்லாம் போகும். துபாய்க் கோபுரமோ, யாருடையதென்று தெரியாத சிவப்புக் காரோ வந்து சேரும். அதே நேரத்தில் அதே தேயிலையின் முன்னால் நின்று படமெடுக்க வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். இந்த முரணை விளக்கும் கோட்பாடு எதுவும் இதுவரை ஸ்டூடியோக்காரர்களிடமிருந்து வரவில்லை.

இக்கலையின் முன்னோடி நம் மண்ணிலேயே அடக்கமாகியிருப்பது பலருக்குத் தெரியாது. கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கி, பின்னணியை இருட்டிலும் மங்கலிலும் கரைத்து, முகத்தை மட்டும் மிதக்கவிட்ட ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவரேதான். அம்மையார் 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்தில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில். கணினியில்லாமலே பின்னணியை நீக்கிய ஒருவரைச் சுற்றி இன்றும் இத்தனை பச்சையை விட்டுவைத்திருப்பது மரியாதைக் குறைவென்றே இவ்வாய்வாளர் கருதுகிறார்.

இனி நுட்பம். 1990இல் போட்டோஷொப் வெளிவந்தபோதே அதில் மந்திரக்கோல் இருந்தது. ஒரு நிறத்தைத் தொட்டால் அதையொத்த அண்டைப் புள்ளிகளையெல்லாம் பிடித்துத் தரும். சினிமாக்காரர்கள் நடிகருக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டுவதும் இதே தத்துவம்தான். ஆண்டவன் நுவரெலியா மாவட்டம் முழுக்க இலவசமாகப் பச்சை கட்டியிருக்கிறானே, வேலை சுலபம் என்று எண்ணத் தோன்றும். எண்ணக் கூடாது. தளிர் மஞ்சள் கலந்த பச்சை, முற்றிய இலை கரும்பச்சை, கவ்வாத்து வெட்டிய மலையோ பச்சையே இல்லை. மந்திரக்கோல் ஒரு செடியைப் பிடித்தால் பக்கத்துச் செடி தப்பிவிடும். பையன் போட்டிருப்பது பச்சைச் சட்டையாயிருந்தால் தலை மட்டும் துபாய் போய்ச் சேரும்.

பெரிய சிக்கல் முடி. ஒவ்வொரு இழையின் ஓரமும் பாதி முடி, பாதி மலை. இதற்காகவே 1977 அளவில் எட் கட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் ஆல்ஃபா என்ற கணக்கைக் கண்டுபிடித்தார்கள்: பூச்சியம் என்றால் முழுக்க மறைவு, 255 என்றால் முழுக்கத் தெரிவு, இடையில் எத்தனையோ படிகள். நுவரெலியாவில், 1,868 மீட்டர் உயரத்தில், பின்னேரம் இறங்கும் பனிமூட்டம் இந்த 256 படிகளையும் கரண்ட் இல்லாமலே செய்துகாட்டுகிறது. உரிமக் கட்டணமும் கேட்பதில்லை.

மென்பொருளில் இன்னொரு கட்டளையும் உண்டு: தெரிவைத் தலைகீழாக்குவது. ஆளைத் தெரிந்தெடுத்து, இதை அழுத்தி, பிறகு அழித்தால் பின்னணி போகும். அழுத்த மறந்தால் ஆள் போய்விடுவார். தோட்டம் அப்படியே இருக்க, நடுவில் மனித உருவில் ஓர் ஓட்டை விழும். மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இப்படி அழுத்த மறந்த வேலை என்பது இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்பு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேரை இந்தியாவில் ஒட்டுவது, 300,000 பேரை இங்கேயே விடுவது என்று ஒப்பந்தம் செய்தார்கள். மிச்சம் 150,000 பேரை எந்தப் படத்தில் ஒட்டுவதென்று பத்து வருடம் முடிவாகவில்லை. 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். ஸ்டூடியோக்காரர் யாரும் இவ்வளவு மோசமாக ஓரம் வெட்டமாட்டார்.

தலைப்புக்கு வருவோம். வெட்டிய பச்சை எங்கே போகிறது? கொழும்பிலிருந்து வருகிறவர் "பின்னால கொஞ்சம் டீ எஸ்டேட் போடுங்களேன்" என்று கேட்கும் காலம் இது. ஒருவர் எறிவதை இன்னொருவருக்கு ஒட்டினால் தொழிலாகும். பையனுக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம் என்பது எம் பரிந்துரை. பச்சையைத் தராசில் நிறுத்தே கூலி கொடுக்கவேண்டும். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று வழக்கமாகக் கழிக்கும் கிலோவை இதிலும் கழிப்பதா என்பதில் கணக்கப்பிள்ளைக்கும் ஆய்வாளருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.