சோளம் காய்ந்த செலவு

ஓ கிளேர், விஸ்கான்சின்
9 பிப்ரவரி 2014

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முக்கால்வாசியும் கேஸ் ஏஜென்சிக்காரருக்கு எழுதியது போலவே இருந்தது. கடைசி ஓரத்தில்தான் எங்கள் சௌக்கியத்தை நுணுக்கி நுணுக்கி விசாரித்திருந்தீர்கள். வருஷத்துக்கான மானிய சிலிண்டர் ஒன்பதும் பொங்கலுக்கு முன்பே தீர்ந்து, பத்தாவதை முழு விலைக்கு வாங்கிய கோபம் நியாயமானதுதான். புத்தாண்டுப் பரிசாக ஒரே நாளில் 220 ரூபாய் ஏற்றி, டில்லியிலேயே 1,241 ஆக்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கடிதம் இங்கே வந்து சேருவதற்குள் ஒன்பதைப் பன்னிரண்டாக்க மத்திய அமைச்சரவை ஜனவரி 30ஆம் தேதி முடிவெடுத்துவிட்டது. வாழ்த்துகள்.

ஆனால் முடிக்கும்போது, "உனக்கென்னப்பா, அங்கே குழாயைத் திருகினால் கேஸ்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்குப் பதில் எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. குளிரில் எப்படியும் வரப்போவதில்லை, அது வேறு விஷயம்.

குழாய் கேஸ் டவுன்காரர்களுக்கு. நாங்கள் இருப்பது டவுனுக்கு வெளியே. வேலை பார்க்கும் சீஸ் ஃபேக்டரிக்குப் பக்கம் என்று பிடித்த பழைய பண்ணை வீடு. சுற்றிலும் மக்காச்சோளக் கொல்லை, நடுவில் மாட்டுக் கொட்டகை, ஓரத்தில் உங்கள் பெண்ணும் நானும். இப்படிப்பட்ட வீடுகளுக்கெல்லாம் புரொப்பேன்தான் கதி. உங்கள் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்து வருகிறதே, அதே சரக்கு. சிலிண்டருக்குப் பதில், வீட்டுக்குப் பின்னால் வெள்ளை பெயின்ட் அடித்த எருமை படுத்திருப்பதைப் போல ஒரு டேங்க். கொள்ளளவு 500 கேலன். ஆனால் 400க்கு மேல் ஊற்ற மாட்டார்கள். வெயில் பட்டால் உள்ளே இருப்பது விரியுமாம். இந்த ஊரில் வெயில் படுவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். டேங்க் நம்முடையது அல்ல, கேஸ்காரருடையது. அவர் மட்டும்தான் அதில் ஊற்றலாம். பக்கத்து ஊரில் சல்லிசாகக் கிடைத்தாலும் பெருமூச்சு விடலாம், வாங்க முடியாது.

இனி கணக்கு. உங்களுக்குப் பிடித்த பாடம், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேலன் புரொப்பேன் 1.9 கிலோ. உங்கள் 14.2 கிலோ சிலிண்டர் என்பது இங்கே ஏழரை கேலன். அக்டோபரில் நாங்கள் குடிவந்தபோது கேலன் 2 டாலருக்குள் இருந்தது. ஜனவரிக் கடைசியில் இந்தப் பக்கம் முழுக்க 4 டாலரைத் தாண்டிவிட்டது. டாலர் 62 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஒரு சிலிண்டர் கேஸுக்கு இங்கே 1,850 ரூபாய்க்குக் குறையாது. நீங்கள் திட்டிய 1,241க்கு நான் வரிசையில் நின்று வாங்கிக்கொள்வேன்.

விலையைவிட அளவுதான் கொடுமை. சமையலுக்கு ஆவது கொசுறு. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கிறதே, நிலவறையில் உட்கார்ந்து ராத்திரியும் பகலும் உறுமுகிறது. ஜனவரி முதல் வாரத்தில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 29 டிகிரி வரை போயிற்று, செல்சியஸ் கணக்கில். புரொப்பேனே மைனஸ் 42இல் ஆவியாகாமல் திரவமாகவே கிடந்துவிடும். இன்னும் 13 டிகிரி இறங்கியிருந்தால் கேஸும் எங்களோடு சேர்ந்து போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அப்படிப்பட்ட குளிரில் 100 கேலன் பத்து நாள் வந்தால் பெரிது. அதாவது பதின்மூன்று சிலிண்டர். நாடே போராடி வருஷத்துக்கு வாங்கிய பன்னிரண்டும், அதற்கு மேல் ஒன்றும், எங்கள் புகைபோக்கி வழியாகப் பத்து நாளில் ஆகாயத்துக்குப் போகிறது. இதை அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

ஏன் ஏறியது என்று கேட்பீர்கள். குளிரால் என்று டிவியில் சொல்கிறார்கள். துருவச் சுழல் என்று ஒரு நீலநிறப் பூதத்தைப் படத்தில் காட்டிக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் குளிர் கடைசியாக வந்து சேர்ந்த ஆசாமி. விதை மழையில் விழுந்தது.

போன வசந்தத்தில் இங்கே விடாத மழை. மக்காச்சோளம் விதைப்பதே தள்ளிப்போயிற்று. தள்ளிப்போனது முற்றுவதும் தள்ளிப்போய், அறுவடைக்கு வரும்போது கதிர் முழுக்க ஈரம். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைத் திருப்பி அனுப்ப, மன்னார்குடி ரோட்டில் பாதி அகலத்துக்குக் கொட்டி, காலால் துழாவித் துழாவிக் காய வைத்தவர்தானே நீங்கள்? இங்கே ரோட்டில் கொட்ட முடியாது. கொட்டினாலும் நவம்பர் வெயிலில் சோளம் காயாது, உறையும். ஆகவே பெரிய தகரக் குதிருக்குள் சோளத்தைக் கொட்டி, கீழே புரொப்பேன் பர்னரைக் கொளுத்தி, சூடான காற்றை ஊதி 15 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எல்லாப் பண்ணையிலும் ஒரே சமயத்தில், ஒரே அவசரத்தில். குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த கேஸ், முதல் பனி விழுவதற்குள் சோளத்துக்குப் போய்விட்டது.

சரி, தீர்ந்ததை நிரப்பலாமே என்றால், கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து இந்தப் பக்கத்துக்குப் புரொப்பேன் கொண்டுவரும் குழாயை நவம்பர் கடைசியில் பராமரிப்புக்காக மூடிவிட்டார்கள். அந்தக் குழாயின் பெயர் கொச்சின். மலையாளிகள் மேல் சந்தேகப்படாதீர்கள், அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டிசம்பர் பாதிக்கு மேல்தான் திறந்தார்கள். இந்த ஆண்டே அதைத் திசை திருப்பி, இங்கிருந்து கனடாவுக்கு வேறு சரக்கு அனுப்பப் போகிறார்களாம். நடவு சமயத்தில் ஆற்றுக்கு மராமத்து என்று மதகை மூடினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

இத்தனைக்கும் நாட்டில் புரொப்பேனுக்குப் பஞ்சமே இல்லை. பாறையைப் பிளந்து எடுக்கிறார்கள், பீறிட்டு வருகிறது. 2011 முதல் அமெரிக்கா வெளியே வாங்குவதைவிட விற்பதுதான் அதிகம். டெக்சாஸ் கரையில் கப்பல் கப்பலாக ஏறிப் போகிறது. அங்கே மான்ட் பெல்வியூ, கன்சாஸில் கான்வே என்று இரண்டு இடங்களில் பூமிக்கு அடியில் உப்புப் பாறையைக் குடைந்து கேஸைச் சேமிக்கிறார்கள். எங்கள் பக்கத்து விலை கான்வேயைப் பார்த்து ஏறும், இறங்கும். கான்வேயில் இருப்பு குறைந்து விலை எகிறியபோது, டெக்சாஸில் அவ்வளவு ஏறவேயில்லை. கொல்லையில் கிணறு நிறையத் தண்ணீர், வாசலில் நின்று தாகம். வியாபாரிகளை நான் குறை சொல்லவில்லை. யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கு விற்பது உலக வழக்கம். எங்கள் வீட்டுக்கு முதலில் என்று எழுதி வைக்க இங்கே யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரிக் கடைசியில் எங்கள் ஆளுநர் ஸ்காட் வாக்கர் அவசரநிலையே அறிவித்துவிட்டார். 1975ஐ நினைத்துப் பதறாதீர்கள், யாரையும் பிடித்து உள்ளே போடவில்லை. டேங்கர் ஓட்டுகிறவர்கள் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம் என்ற விதியைத் தளர்த்துவதற்கெல்லாம் இங்கே அவசரநிலை வேண்டும்.

அப்படி ஓய்வில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர்தான் போன வாரம் எங்களுக்கு கேஸ் கொண்டுவந்தார். அவர் ஹோஸ் இழுத்துவர வழி வேண்டும் என்று, வாசலிலிருந்து டேங்க் வரை முழங்கால் உயரப் பனியை வெட்டி வைத்திருந்தேன். தாடி முழுக்க வெள்ளை. வயதானவர் என்று நினைத்தேன், பார்த்தால் மூச்சு உறைந்த பனி. டேங்க் மூடியைத் தூக்கி முள்ளைப் பார்த்தார், பன்னிரண்டு சதவீதத்தில் நின்றது. "நீங்கள் பரவாயில்லை, எட்டில் இருக்கிறவர்களையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். மூடி திறந்ததும் அழுகின கோஸ் வாசனை. கேஸுக்கு வாசனையே கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று கலக்கிறார்கள். அந்த நாற்றம் உங்கள் பெண்ணுக்கு மூக்கில் ஏறியதும் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தலைக்கு 100 கேலன்தான் என்று அளந்து ஊற்றிவிட்டு, லாரியில் இருந்த மெஷினில் கடகடவென்று ரசீது அடித்துக் கொடுத்தார். 460 டாலர். உடனே ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு இன்னும் போகவில்லை. கை நடுங்கியதைக் குளிர் என்று அவர் நினைத்திருப்பார்.

பக்கத்துப் பண்ணைக்காரர் மட்டும் சிரித்த முகமாக இருக்கிறார். கோடையிலேயே பணம் கட்டி மொத்தத்துக்கும் விலை பேசி முடித்துவிட்டாராம். அந்த ஏற்பாடு முடிந்த பிறகுதான் நாங்கள் குடிவந்தோம். அவருடைய சோளம்தான் எங்கள் கேஸைக் குடித்தது என்று நான் நாசூக்காக எடுத்துச் சொன்னேன். மறுநாள் ஒரு வண்டி விறகு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

அத்தைக்குக் கவலை வேண்டாம், உங்கள் பெண் சௌக்கியம். வீட்டுச் சூட்டை 62 பாரன்ஹீட்டில் வைத்திருக்கிறோம், உங்களுக்கு 17 டிகிரி. வைப்பது நான், ராத்திரியில் ரகசியமாக 66 ஆக்குவது அவள். விடிந்ததும் இருவரும் ஒன்றும் தெரியாதவர்கள் போலக் காபி குடிக்கிறோம். இட்லி மாவு புளிக்கவில்லை என்று பாத்திரத்தை ஃபர்னஸ் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். நானும் அங்கே உட்காருகிறேன் என்றதற்கு மாவுக்குக் காற்று மறைக்குமாம்.

இந்த வாரம் விலை கொஞ்சம் இறங்கத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் மார்ச் முழுக்க இங்கே பனி உண்டு. நீங்களும் அத்தையும் வருவதாக இருந்தால் ஜூலைக்கு டிக்கெட் எடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். அதோடு ஓர் உபகாரம். அடுத்த முறை ராஜகோபாலசுவாமி கோயிலுக்குப் போகும்போது, இந்த ஏப்ரல், மே மாதங்களில் விஸ்கான்சினில் மழை அளவோடு பெய்ய வேண்டும், சோளம் வயலிலேயே காய வேண்டும் என்று ஓர் அர்ச்சனை செய்துவிடுங்கள். யார் பெயருக்கு என்று பட்டாச்சாரியார் கேட்டால் பக்கத்துப் பண்ணைக்காரர் பெயருக்கு என்று சொல்லுங்கள். பலன் எனக்குத்தான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்