தந்தையின் தொழில்

எந்த வேலையிலும் நிலைக்காத ஆண்பிள்ளைக்கு நாமக்கல்லைப் போல வசதியான ஊர் கிடையாது. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, விசாரணை தொடங்கும் நேரம் பார்த்து, "நாமக்கல் கவிஞர் மட்டும் என்ன, ஒரே வேலையிலயா இருந்தாரு?" என்று கேட்டால் போதும். கேள்வி கேட்பவர்கள் ஒரு நிமிடமாவது தடுமாறுவார்கள். சேலத்திலும் ஈரோட்டிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. 1888-ல் மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையின் அப்பா போலீஸ்காரர். மகனும் போலீசில் சேரவேண்டும் என்று அவருக்கு ஆசை. மகன் சேரவில்லை. நாமக்கல் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்து பார்த்தார், எழுந்துவிட்டார். ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக நின்று பார்த்தார், நிற்கவில்லை. பிறகு படம் வரைந்து பிழைத்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து தங்கப் பதக்கம் வாங்கிய கை, 1930-ல் ராஜாஜி உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்தபோது அதே மன்னரின் ஆட்சிக்கு எதிராகத் தொண்டர்கள் பாடிக்கொண்டு போகப் பாட்டு எழுதிக்கொடுத்தது. வேலை மாற்றம் என்றால் இதுவல்லவா வேலை மாற்றம்! 1949-ல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர் ஆனார். அவர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவல் 1954-ல் படமாகி எம்.ஜி.ஆரை எங்கேயோ கொண்டுபோனது. தாலுகா ஆபீஸ் வேண்டாம் என்று எழுந்து வந்தவரின் பெயரில் இன்று சென்னைத் தலைமைச் செயலகத்தில் பத்து மாடிக் கட்டடம் நிற்கிறது. அதற்குள் எத்தனை குமாஸ்தாக்கள்!

இதையெல்லாம் என் மனைவியிடம் விளக்கமாகச் சொன்னேன். 1932-ல் கவிஞர் ஓராண்டு சிறையில் இருந்தார் என்பதையும் ஆர்வக்கோளாறில் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, ஜெயில்லயாவது அவரு ஒரு வருசம் ஒரே எடத்துல இருந்தாரில்லீங்க?" என்றாள். "நீங்க எங்க இருந்தீங்க, சொல்லுங்க பாப்போம்."

அன்றிலிருந்து கவிஞரைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, நாமகிரித் தாயாரின் அருள்பெற்ற கணிதமேதை ராமானுஜனைத் துணைக்கு அழைத்தேன். கல்லூரித் தேர்வில் தேறாதவர், 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தவர், பிறகு கேம்பிரிட்ஜ் போனாரா இல்லையா? "அவரு கணக்குல நூத்துக்கு நூறு, மத்ததுல ஃபெயிலுங்க. நீங்க கணக்குலதானே ஃபெயிலு?" என்று அவள் கேட்டாள். ஊரில் இனி மிச்சமிருக்கும் பெரியவர் மலையடிவாரத்து ஆஞ்சநேயர்தான். பதினெட்டு அடி உயரத்தில், கூரைகூட இல்லாமல், ஒரே இடத்தில் நிற்கிறவர். அவரை நான் உதாரணம் காட்டமுடியாது. அவள் காட்டிவிடுவாள்.

ஆஞ்சநேயருக்கும் எனக்கும் ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் உண்டு. எனக்கு முதல் வேலை கிடைத்தபோது அம்மா, "இது நிலைச்சா உனக்கு வடைமாலை சாத்தறேன் சாமி" என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த வேலைக்கு அது வெண்ணெய்க்காப்பு ஆனது. அதற்கடுத்ததற்குத் துளசி மாலை. இப்போதெல்லாம் கோட்டை ரோட்டில் போகும்போது பஸ்ஸுக்குள்ளிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. அவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

முதல் வேலை, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுவது. அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து சேஸிஸ் மட்டும்தான் வரும். சக்கரம், இன்ஜின், ஸ்டீயரிங், அவ்வளவுதான். கேபினிலிருந்து பின்கதவு வரைக்கும் எல்லாம் நம்மூரில்தான். தச்சர், கொல்லர், டிங்கர், எலக்ட்ரீசியன் என்று ஒவ்வொருவராகக் கைவைத்து முடிக்க, கடைசியில் பெயிண்டர் வருவார். எனக்குக் கணக்கைவிடப் பெயிண்டரைப் பிடித்துப்போனது. கவிஞரும் ஓவியர்தானே என்று பிரஷ்ஷை வாங்கிக்கொண்டேன். சங்ககிரிக்காரர் ஒருவரின் வண்டிக்குப் பின்னால், வழக்கமான வாசகங்களை விட்டுவிட்டு, உழைப்பின் மேன்மை குறித்து நானே இயற்றிய எட்டு வரி வெண்பாவை எழுதினேன். (வெண்பா என்று நான்தான் சொன்னேன். தளை தட்டியதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.) ஓனர் வந்தார். இடுப்பில் கைவைத்து நின்று படித்தார். படித்துக்கொண்டே இருந்தார்.

"ஏந்தம்பி, பின்னாடி வர்றவன் இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நம்ம வண்டியில மோதிருவானே?" என்றார்.

எனக்கு வாய்த்த விமர்சகர்களில் அவரளவுக்கு நியாயமானவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. அவ்வளவும் அழிக்கப்பட்டு, 'ஒலி எழுப்பவும்' என்று இரண்டே சொல்லில் என் இடம் நிரப்பப்பட்டது.

அடுத்தது முட்டை. நாமக்கல்லில் பிறந்தவன் ஒருமுறையாவது முட்டைக்குள் போய்த்தான் வெளியே வரவேண்டும். நான் போன நேரம் புரட்டாசி. முட்டைக்குக் காசுக் கணக்கில்தான் விலை ஏறும், காசுக் கணக்கில்தான் இறங்கும். ஆனால் லோடு கணக்கில் பார்க்கும்போது அந்த ஐந்து காசு ஒரு முதலாளியைத் தூங்கவிடாது. பாதி ஜனம் விரதம் இருக்கிற மாதத்தில் கோழிகளுக்கு மட்டும் அது தெரிவதில்லை. அவை பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்தன. புரட்டாசி போனால் சரியாகிவிடும் என்றார்கள்; கார்த்திகையில் ஐயப்ப சாமிகள் மாலை போட்டுவிட்டார்கள். வேலை குறைந்த அந்த மாதங்களில்தான், முட்டைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் என் சரித்திர நாவலைத் தொடங்கினேன்.

கதாநாயகன் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வரிசையாகத் துளைத்தவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பாட்டில் அந்த அம்பு சட்டென்று போய்விடுகிறது. நாவலில் போகமாட்டேன் என்கிறது. முதல் அத்தியாயத்தில் ஓரி விட்ட அம்பு யானைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. இரண்டாவதில் புலி. மூன்றாவதில் மான், அதோடு மானின் குடும்பப் பின்னணி. அம்பு பன்றியை நெருங்கும்போது எனக்கு வேலை போய்விட்டது. பன்றி இன்னும் உயிரோடு இருக்கிறது. நோட்டு முட்டைக் கடை நோட்டு என்பதால், என்னையறியாமல் ஓரியின் படையும் அட்டைக்கு முப்பது, அட்டைக்கு முப்பது என்றே அணிவகுத்து நின்றதைப் பிறகு கவனித்தேன்.

கள ஆய்வுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஓரியின் காலத்துக்குள் நுழைவதற்குள் நான் பஸ் ஜன்னலுக்கு வெளியே பலமுறை தலையை நீட்டிவிட்டேன். செம்மேட்டில் வில்லோடு நிற்கும் ஓரி சிலைக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி அதற்குள் நல்ல மிளகும் அன்னாசியும் பேரம்பேசி வாங்கிவிட்டாள். என் எழுத்துலக வாழ்க்கையில் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரே வருமானம் அந்த மிளகுதான்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரம்பரைகள் ஆளுக்கொரு பாலிசி எடுத்தார்கள். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் என் தலையைக் கண்டால் முகூர்த்தத்துக்கு முன்பே பந்திக்கு ஓடினார்கள்.

இத்தனைக்கும் நடுவே திண்ணைக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவர் என் அப்பா. அவர் லாரி டிரைவர். நாமக்கல் சேலம் மாவட்டத்தில் இருந்தபோதும் டிரைவர், 1997-ல் தனி மாவட்டம் ஆனபோதும் டிரைவர். ஓசூரிலிருந்து மொட்டை சேஸிஸில், பலகையைச் சீட்டாக வைத்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டிவந்த ஆள். பிறகு நேஷனல் பர்மிட் வண்டியில் இந்தூர், நாக்பூர், கௌகாத்தி. தாடியோடு வருவார், நாக்பூர் ஆரஞ்சு கொடுப்பார், இரண்டு நாள் தூங்குவார், போய்விடுவார். எங்கள் வீட்டுப் புத்தக அலமாரி அவர் கொண்டுவந்த காஷ்மீர் ஆப்பிள் பெட்டிப் பலகையில் செய்தது. என் நாவல் அதில்தான் இருக்கிறது. ஆகவே அதற்கு அகில இந்தியத் தொடர்பு இல்லையென்று யாரும் சொல்லிவிடமுடியாது.

ஒரே வேலையில் இருந்த அவர் தேசம் முழுக்கச் சுற்றினார். இத்தனை வேலை மாறிய நான் பரமத்தி ரோட்டைத் தாண்டவில்லை. "வண்டிய மாத்தலாம், லைனை மாத்தலாம். வேலைய எதுக்குடா மாத்தோணும்?" என்பார்.

அவருடைய டிரிப் நோட்டுகளை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். டீசல் இவ்வளவு, செக்போஸ்ட்டில் இவ்வளவு, பஞ்சருக்கு இவ்வளவு. நடுநடுவே ஒரு வரி வரும்: 'மழை. பாலம் இல்லை. சோறு ஆக்கினோம்.' இன்னொரு பக்கத்தில்: 'பாப்பாவுக்குக் காய்ச்சல்னு கடுதாசி. லோடு இறக்க நாலு நாள் ஆகும்.' அவ்வளவுதான், அடுத்த வரி ஆயில் கணக்கு. பாப்பா என்பது என் தங்கை. அந்த நாலு நாள் பற்றி நோட்டில் வேறொன்றும் இல்லை. சாப்பாட்டுச் செலவு மட்டும் பாதியாகக் குறைந்திருந்தது.

இதைப் புத்தகமாக்கினால் என்ன என்று தோன்றியது. தோன்றியதை உடனே செய்வது என் வழக்கம், முடிப்பதுதான் வழக்கமில்லை. கொஞ்சம் மெருகேற்றினேன். 'மழை' என்று அவர் எழுதிய இடத்தில், 'விண்ணகம் தன் துயரையெல்லாம் மண்ணில் கொட்டித் தீர்த்த அந்தக் கொடிய இரவில்' என்று போட்டு, திண்ணையில் உட்கார்ந்து அவருக்கே படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் சரி. வைப்பரு வேலை செஞ்சுதா இல்லையா?" என்றார்.

இப்போது ஒரு பார்சல் ஆபீசில் இருக்கிறேன். நல்ல இடம். மேஜை நிழலில் இருக்கிறது, பில் நோட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, பன்றி நினைவில் இருக்கிறது. இந்த ஜூன் மாதம் மகள் பள்ளியில் கொடுத்த படிவத்தோடு வந்து, "தந்தையின் தொழில்னு இருக்குதுங்கப்பா. என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பென்சில்ல எழுது கண்ணு," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"கருப்பு மைப் பேனாவுலதான் எழுதணும்னு போட்டிருக்காங்கம்மா."

கொஞ்ச நேரம் தாளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பத் தனியார்னு போட்டுரு. அதுல எல்லாமே வந்துரும்."