தண்ணி காணாது

ஓர்ஸ் ஹில்லின் தண்ணீர்ப் பரியாரி, பென்சன் எடுத்த பிறகுதான் தொழிலுக்கு வருகிறார். கந்தோரில் கோப்பில் பிழை பிடித்த கண், இப்போது அயல்வீட்டு மிளகாய்க் கன்றில் பிடிக்கிறது. காலை நடையில் மேடு ஏறினால் மூச்சு வாங்கும். வாங்க நிற்கும் இடத்தில் யாருடையதோ ஒரு மதில் இருக்கும். எட்டிப் பார்த்ததும் மருந்து வந்துவிடும்: "பிள்ளை, தண்ணி காணாது. வடிவா ஊத்துங்கோ."

வாடினாலும் மஞ்சளித்தாலும் அதே மருந்துதான். தண்ணீர் கூடினாலும் கன்று வாடும் என்பது அவருடைய வைத்தியத்தில் இல்லை. சேறான மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் தன்னைச் சுற்றி நிற்கும் தண்ணீரையே உறிஞ்ச முடியாது. மேலே பார்த்தால் இரண்டு நோய்க்கும் ஒரே தொங்கல். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டால் தெரிந்துவிடும்: உள்ளே ஈரம், அடி இலை மஞ்சள் என்றால் தண்ணீர் கூடிவிட்டது; மண் பூச்சாடியின் ஓரத்தை விட்டு விலகி, இலைநுனி கருகி, தூக்கினால் பாரமில்லை என்றால் குறைவு. பரியாரி மண்ணைத் தொடுவதில்லை. உடுத்திருப்பது சலவைச் சாரம்.

அவருடைய பேர் பரவுவது கச்சான் வீசும் மாதங்களில். உலர்ந்த காற்றில் இலை இழக்கும் ஈரத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமல் மத்தியானத்தில் கன்று தலைதொங்கும். மண்ணில் ஈரமிருந்தால் பின்னேரம் தானாக நிமிரும். இரண்டு மணிக்கு ஒரு வாளி ஊற்றச் சொல்கிறார், ஆறு மணிக்குக் கன்று நிமிர்கிறது. அதன்பின் அவரோடு வாதாட யாரால் முடியும்?

யோகட் கப் நாற்றுகளிடம்தான் தோற்றுப்போகிறார். துளையில்லாத கப்பில் தினமும் ஊற்றிய தண்ணீர் அடியில் தேங்க, பித்தியம் போன்ற மண்கிருமிகள் தண்டைப் பிடிக்கும். அடித்தண்டு நூலாகச் சுருங்கி, தக்காளி நாற்று ஒரே இரவில் சாயும். அதற்கு அவர் சொல்லும் காரணம் நாவூறு.

பரிகாரம் எளிது. கம்பியைச் சூடாக்கிக் கப்பின் அடியில் மூன்று நான்கு துளை போட வேண்டும். மண்ணோடு தும்புத்தூள் கலந்து, மேல்மண் காய்ந்த பிறகே காலையில் ஊற்ற வேண்டும். சாய்ந்த நாற்று பிழைக்காது, பிடுங்கி எறிவதே நல்லது. வேர் அழுகத் தொடங்கிய கன்றென்றால் கறுத்த வேரை நறுக்கிப் புது மண்ணுக்கு மாற்றி, சில நாள் நிழலில் வைத்தால் சிலவேளை தப்பும். காய்ந்து இறுகிய சாடிக்கு மேலால் ஊற்றினால் தண்ணீர் ஓரத்தால் ஓடிவிடும். பேசினில் தண்ணீர் விட்டு, மேல்மண் நனையும்வரை சாடியை அதற்குள் வைப்பதுதான் வழி. அரைமணி நேரம் போதும்.

இதெல்லாம் பரியாரியின் மனைவிக்கு அத்துப்படி. அந்த வீட்டில் கத்தரி காய்த்துக் கொட்டுகிறது. பூவாளி மட்டும் அரிசி டிரம்முக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல் கிடக்கிறது.