தமயந்திக்கு அரக்குச் சேலை

எங்கள் வீட்டில் ஒரு படத்தை மாட்டிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் கிடையாது. பொட்டு வைப்போம். பூச்சரம் போடுவோம். பிரேம் இடுக்கில் கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் செருகுவோம். மாமனார் காலத்துக் காந்தி படத்துக்குப் பின்னால் கையை விட்டால் எல்.ஐ.சி. ரசீது வரும். இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒரு பழைய ஓவிய அச்சை வாங்கி வந்து, "இது ஆன்ட்டிக். யாரும் தொடக் கூடாது" என்று அறிவித்தேன். அத்தை சிரிக்கக்கூட இல்லை.

வாங்கியது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பாகம் பிரியும்போது வெளியேறும் சாமான்கள் வந்து சேரும் தெரு அது. பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, சுவரோரம் அடுக்கிய படங்கள். "வாங்க ஆச்சி, ரவிவர்மா பாக்குறீகளா?" என்றார் கடைக்காரர். நேற்று கம்ப்யூட்டரில் எடுத்த பிரிண்டை டீத் தண்ணீரில் குளிப்பாட்டி நூறு வயது ஏற்றிவிடும் கலைஞர்கள் நாட்டில் உண்டு. அதனால் கைப்பையில் லென்ஸோடுதான் போயிருந்தேன். ஆப்செட் அச்சில் புள்ளிகள் அணிவகுத்து நிற்கும். பழைய கல் அச்சில் அந்த ஒழுக்கம் இருக்காது, இறைத்துவிட்டது மாதிரி கிடக்கும். இதில் கிடந்தன. கடைக்காரர் ரூ.8,000 என்றார். நான் பேச்சையே எடுக்காமல் பக்கத்திலிருந்த அருவாமனையை விலை விசாரித்தேன். பத்து நிமிஷத்தில் படம் ரூ.3,500-க்கு இறங்கிவிட்டது. பேரம் பேச அருவாமனை நல்ல துணை.

படம், ரவிவர்மா 1899-ல் வரைந்த ஹம்ச தமயந்தி. நளனைப் பற்றி அன்னம் சொல்ல, சிவப்புச் சேலையில் நின்று கேட்கிறாள். 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம், பிறகு லோனாவாலாவுக்குப் பக்கத்தில் மலவலிக்கு இடம் மாறியது. நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து, மேலே வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் என்று ஏமாறும்படி செய்து ஊர் ஊராக அனுப்பினார்கள். அரண்மனைக்காரர் வீட்டுப் படம் அப்படித்தான் அடுப்படிவரை வந்தது. 1972-ல் அச்சகம் எரிந்துபோயிற்று.

ஆனால் நான் விழுந்தது ரவிவர்மாவுக்காக இல்லை, தையலுக்காக. அந்தக் காலத்தில் இந்த அச்சுப் படங்களில் வரும் சேலைமேல் நிஜத் துணி, ஜரிகை, சம்கி எல்லாம் வைத்துத் தைப்பது வீட்டுப் பெண்களின் கைவேலை. லட்சுமி, சரஸ்வதி, சகுந்தலை எல்லாருமே இப்படி உடுத்தியிருக்கிறார்கள். எங்கள் தமயந்திக்கும் யாரோ ஒருத்தி ஆரம்பித்திருக்கிறாள். கீழே கொசுவத்திலிருந்து இடுப்புவரை அரக்குப் பட்டு, மங்கிப்போன ஜரிகைக் கரை. அதற்கு மேலே அச்சுச் சிவப்பு மட்டும். தோள்வரை வரிசையாக ஊசித்துளைகள். துளை போட்டவள் நூல் கோக்கவில்லை.

ஏன் பாதியில் விட்டாள் என்று வீட்டில் விசாரணை நடந்தது. "மெட்டீரியல் பத்தலை" என்றார் என் கணவர். கட்டுமான வேலையில் இருப்பவருக்கு உலகத்தில் எது நின்றாலும் காரணம் அதுதான். "பிள்ளை பொறந்திருக்கும்" என்றார் அத்தை. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். கண்ணாடியை மாற்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தவர் கேட்டார்: "இது எந்தச் சாமி?"

"சாமி இல்ல அத்தை, தமயந்தி."

"நளன் பொண்டாட்டியா?" அத்தையின் குரல் மாறிவிட்டது. "ஏம்மா, இவனுக்கு ஏழரைச் சனி நடக்குது. நளன் கதையைக் கேட்டாலே சனி விலகும்பாங்க. நீ அவளையே கூட்டிட்டு வந்திருக்க!"

கணவர் முகத்தில் ரூ.3,500-ஐ மன்னித்த களை தெரிந்தது. நிலைக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "இது கல்யாணத்துக்கு முந்தின தமயந்தி. சனி பிடிக்கிறது அதுக்கப்புறம்தான?" கதை அப்படித்தான் போகிறது. சூதாடி நாட்டைத் தோற்கிறான், காட்டுக்குப் போகிறான், கட்டியிருந்த துணியையும் பறவைகள் தூக்கிக்கொண்டு போகின்றன. இரண்டு பேரும் அவள் சேலை ஒன்றையே சுற்றிக்கொண்டு படுத்திருக்க, நடுச்சாமத்தில் அதைப் பாதியாக அறுத்துக்கொண்டு அவன் கிளம்பிவிடுகிறான்.

சொல்லிக்கொண்டே வந்த அத்தை, சோற்றுக் கையோடு எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றார். "அதான் பாதிச் சேலையோட நிக்கிறா!"

அப்புறம் ஆன்ட்டிக் பற்றி யாரிடம் பேசுவது? பழைய காகிதத்தின் அமிலத்தன்மை, பசை படக்கூடாத காரணம், தொடாமல் வைத்தால்தான் மதிப்பு என்பதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "வீட்டுக்கு வந்த பொம்பளைக்கு முழுச் சேலை இல்லாம மதிப்பு எங்கேருந்து வரும்?" என்றார். எனக்குப் பதில் தோன்றவில்லை, இன்றுவரை. ஒரு சமரசம் மட்டும் செய்துகொண்டோம். புதிதாக ஒரு துளைகூடப் போடக் கூடாது. முதல் ஆச்சி போட்டுவைத்த துளைகளிலேயே நூல் போக வேண்டும்.

துணி எது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் வந்த நாத்தனார் மயில் கழுத்து நிறம்தான் என்று நின்றார். தமயந்திக்கு எது எடுக்கும், எது எடுக்காது என்று அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. அத்தை பேச்சை வளர்க்கவில்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து தன் கல்யாணப் பட்டை எடுத்துப் போட்டார். அரக்கு. மடிப்புகளில் இற்றுப்போய், விரித்தால் துண்டு துண்டாகக் கழன்று வரும் நிலை. பழைய பட்டுச்சேலை வாங்க வருகிறவர்கள் பல வருஷமாக அதைக் கேட்டு வருகிறார்கள். அசல் ஜரிகை, உருக்கினால் வெள்ளி தேறும். அவர்களிடம் வாசலிலேயே "இல்லை" என்றவர், தமயந்திக்கு முந்தானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நாத்தனார் போனை வைத்துவிட்டார். அந்தச் சேலைமேல் அவருக்கு ஒரு கண் இருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

தையல் வேலை சீரியல் இடைவேளைகளில் நடந்தது. அத்தைக்குக் கண் தெரியாது, எனக்குக் கை வராது. நான் ஊசி கோத்துக் கொடுக்க, அவர் துளையைத் தடவியே தைத்தார். இடுப்புக்குக் கீழே ஆச்சியின் தையல் பொடி. மேலே எங்கள் அத்தையுடையது கொஞ்சம் தாராளம், சாக்குமூட்டைப் பரம்பரை. அன்னத்துக்கும் இரண்டு சம்கி வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் கிடைப்பதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்து பிரேம் கடை. துணி புடைத்திருப்பதால் கண்ணாடி படத்தை அழுத்தக் கூடாது, உள்ளே கட்டை கொடுத்து இடைவெளி விட வேண்டும் என்று நான் விளக்க, கடைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மனுக்குச் சுத்தி சீரியல் பல்பு வச்சுத் தரட்டுமா மேடம்? விட்டு விட்டு எரியும்." வேண்டாம் என்றதும் என்னை ஒரு நாத்திகரைப் பார்க்கும் பரிதாபத்தோடு பார்த்தார்.

ஹாலில் மாட்டியாகிவிட்டது. ஆணி அடிக்கக் கணவர் லெவல் பார்க்கும் கருவியோடு வந்து, சுவரே கோணல் என்று கண்டுபிடித்தார். வருகிறவர்கள் முதலில் "வாத்து நல்லா இருக்கு" என்கிறார்கள். அத்தை அவர்களை உட்காரவைத்து நளன் கதையை ஆரம்பிக்கிறார், சூதாட்டம் வரும்போது என் கணவரைப் பார்க்கிறார். அவர் ஆன்லைனில் கேரம் ஆடுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

இப்போது அத்தைக்கு ஒரு குறை. தமயந்தி தனியாக நிற்கக் கூடாதாம், நளன் வந்தாக வேண்டுமாம். காரைக்குடிக்குப் போன் போட்டேன். "நளன் கைவசம் இல்லீங்க ஆச்சி, துஷ்யந்தன் இருக்கு, பெரிய சைஸு, விலை பாத்துப் பண்ணித் தாரேன்" என்றார் கடைக்காரர். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, யாராயிருந்தால் என்ன, அனுப்பச் சொல் என்றார். "துணியப் பறிகொடுத்தவன்தான நளன்? நாம ஒரு வேட்டி கட்டிவிட்டா அவன்தான் இவன்."

மறுநாள் காலை, பீரோவிலிருந்த தன் கல்யாணப் பட்டு வேட்டியை ஆபீஸ் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார் என் கணவர்.